ஸ்கிரீனிங் என்று செய்த கொலோனோஸ்கோபிக்கு ஏன் பில் வந்தது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். நியூ ஜெர்சியில் இருக்கிறீர்கள், வயது 47. "வயது 45 தாண்டிவிட்டது, ஒரு தடவை பார்த்துவிடலாம்" என்று டாக்டர் சொல்லி ஸ்கிரீனிங் கொலோனோஸ்கோபி (கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) செய்துகொண்டீர்கள். கம்பெனி இன்சூரன்ஸ். கைக்காசு எதுவும் ஆகாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். உள்ளே ஒரு பாலிப், அதாவது குடல் சுவரில் வளரும் சின்னச் சதைக்கட்டி, தெரிந்தது, அப்போதே எடுத்துவிட்டார்கள். இப்போது 1,380 டாலர் கட்டச் சொல்லிப் பில் வந்திருக்கிறது. அதில் 45385 என்றும் கே63.5 என்றும் இருக்கிறது. வயிற்று உப்புசத்துக்காக அதே டாக்டரிடம் செய்த மூச்சுச் சோதனைக்கு 91065 என்ற எண் இரண்டு முறை வந்திருக்கிறது. இன்சூரன்ஸைக் கேட்டால் "டயக்னாஸ்டிக் என்று கோட் போட்டிருக்கிறார்கள், ஆபீஸிடம் பேசுங்கள்" என்கிறார்கள். ஆபீஸைக் கேட்டால் "கோட் சரிதான், இன்சூரன்ஸிடம் பேசுங்கள்" என்கிறார்கள். இந்த எண்களுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது இதில் தவறு இருக்கிறதா, இருந்தால் யாரிடம் என்ன சொன்னால் திருத்துவார்கள் என்பது. அதற்கே பதில் எழுதுகிறேன்.

சென்னையில் உட்கார்ந்து அமெரிக்க கேஸ்ட்ரோ (செரிமான நோய்) கிளினிக்குகளுக்கு கோடிங் செய்வது, அதாவது டாக்டர் செய்த வேலையை எண்களாக மாற்றுவது, என் வேலையாக இருந்தது. இப்போது மற்றவர்கள் போட்ட கோடை ஆடிட் செய்கிறேன். நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. உங்கள் சார்ட், அதாவது மருத்துவக் குறிப்புகள், என் கையில் இல்லை. அதனால் உறுதியாகச் சொல்லக்கூடியதையும், சார்ட்டைப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்பதையும் பிரித்தே சொல்கிறேன். மூன்று விஷயம் முதலிலேயே: 45385 என்ற எண்ணில் தவறு இருக்க வாய்ப்பு குறைவு. 91065 இரண்டு முறை வந்ததும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சந்தேகப்பட வேண்டியது உங்கள் பில்லில் இல்லாத இரண்டு விஷயங்களை: இசட்12.11 என்ற நோய்க்குறிப்பு எண், 33 என்ற மாடிஃபையர், அதாவது சேவை எண்ணோடு ஒட்டும் துணைக்குறி.

ஒரு கிளைம், அதாவது டாக்டர் ஆபீஸ் இன்சூரன்ஸிடம் பணம் கேட்டு அனுப்புவது, இரண்டு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: என்ன செய்தார்கள், எதற்காகச் செய்தார்கள். முதல் கேள்விக்கு சிபிடி. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966-இல் வெளியிடத் தொடங்கி, இன்றும் தன் காப்புரிமையில் வைத்திருக்கும் ஐந்திலக்கப் பட்டியல் அது. இரண்டாவது கேள்விக்கு ஐசிடி-10-சிஎம் என்ற நோய்க்குறிப்பு எண் பட்டியல். அமெரிக்கா 2015 அக்டோபர் 1 முதல் அதைப் பயன்படுத்துகிறது. சிபிடி ஜனவரியில் மாறும், ஐசிடி அக்டோபரில் மாறும்.

கொலோனோஸ்கோபியில் பெருங்குடலைப் பார்த்துவிட்டு மட்டும் வெளியே வந்தால் 45378. ஃபோர்செப்ஸால் துணுக்கு எடுத்தால் 45380. கம்பிச் சுருக்கு போட்டு, அதாவது ஸ்னேர் வைத்து, பாலிப்பை அறுத்து எடுத்தால் 45385. மூன்று பாலிப்பை ஸ்னேரால் எடுத்திருந்தாலும் 45385 ஒரு முறைதான். ஒரு பாலிப்பை ஸ்னேரிலும், வேறொரு இடத்தில் இருந்ததை ஃபோர்செப்ஸிலும் எடுத்திருந்தால் இரண்டு எண்ணும் வரலாம். இது வேறு இடத்தில் செய்த தனி வேலை என்று காட்ட, 45380-க்குப் பக்கத்தில் 59 என்ற மாடிஃபையர் இருக்க வேண்டும். ஒரே பாலிப்பில் முதலில் துணுக்கு எடுத்துவிட்டு அதையே பிறகு ஸ்னேரால் அறுத்தால் இரண்டையும் பில் செய்யக் கூடாது. உங்கள் பில்லில் 45385 மட்டும் இருக்கிறது, ஒரு பாலிப் எடுத்தார்கள் என்கிறீர்கள். ரிப்போர்ட்டில் ஸ்னேர் என்று எழுதியிருந்தால் அந்த எண் சரி. ஆகவே ஆபீஸில் "கோட் சரிதான்" என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவர் சிபிடியை மட்டும் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

சிக்கல் இரண்டாவது கேள்வியில் இருக்கிறது. ஸ்கிரீனிங் என்பது அறிகுறி எதுவும் இல்லாத ஒருவருக்கு, வயதையோ குடும்ப வரலாற்றையோ வைத்து, நோய் வரும் முன்பே தேடிப் பார்ப்பது. ரத்தம் போகிறது, மலம் கழிக்கும் பழக்கம் மாறிவிட்டது, ரத்தசோகைக்குக் காரணம் தெரியவில்லை என்று ஒரு குறையைத் துருவிப் பார்க்கச் செய்தால் அது டயக்னாஸ்டிக். கருவி ஒன்று, டாக்டர் ஒருவர், மயக்க மருந்தும் அதேதான். எதற்காக உள்ளே போனார்கள் என்பதில்தான் வேறுபாடு. போன பிறகு என்ன கிடைத்தது என்பதால் அந்தக் காரணம் மாறாது. இது என் கருத்து மட்டும் இல்லை. ஐசிடி-10-சிஎம்மின் அதிகாரபூர்வ வழிகாட்டுதலே, வந்த காரணம் ஸ்கிரீனிங் என்றால் ஸ்கிரீனிங் எண்ணை முதலில் போடலாம், அப்போது கண்டுபிடித்த நோயைக் கூடுதல் எண்ணாகச் சேர்க்கலாம் என்கிறது. பெருங்குடல் புற்றுநோய்க்கான ஸ்கிரீனிங் எண் இசட்12.11. ஆக உங்கள் கிளைமில் இசட்12.11 முதலிலும் பாலிப்புக்கான எண் இரண்டாவதாகவும் வந்திருக்க வேண்டும். கே63.5 மட்டும் தனியாகப் போனால், இன்சூரன்ஸ் கம்ப்யூட்டருக்குத் தெரிவது ஒன்றுதான்: பாலிப் இருந்த ஒருவருக்குப் பாலிப்பை எடுத்திருக்கிறார்கள். அது வைத்தியம், ஆகவே டிடக்டிபிளில், அதாவது இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் வருடாவருடம் நீங்களே கட்ட வேண்டிய தொகையில், போகும்.

அந்த கே63.5 பற்றியும் ஒரு வார்த்தை. பெருங்குடல் பாலிப் என்பதற்கான பொது எண் அது. ஆய்வுக்கூட (பதாலஜி) ரிப்போர்ட்டில் அடினோமா, அதாவது பிற்காலத்தில் புற்றுநோயாகக்கூடிய வகை, என்று வந்தால் எண் டி12-க்குப் போக வேண்டும். சிக்மாய்டில் இருந்தால் டி12.5, ஏறுகுடலில் இருந்தால் டி12.2, இப்படி இடத்தைப் பொறுத்து மாறும். ஹைப்பர்பிளாஸ்டிக் (பெரும்பாலும் ஆபத்தில்லாத வகை) என்று வந்தால் கே63.5 அப்படியே நிற்கும். பதாலஜி ரிப்போர்ட் வரும்வரை கிளைமை நிறுத்தி வைக்கும் கிளினிக்குகளும் உண்டு, காத்திருக்காமல் அனுப்பிவிடும் கிளினிக்குகளும் உண்டு. இதனால் இப்போதைய பில் பெரிதாக மாறாது. ஆனால் உங்களுக்கு இருந்தது எந்த வகைப் பாலிப் என்பதைப் பொறுத்தே அடுத்த கொலோனோஸ்கோபி எப்போது என்று டாக்டர் சொல்வார். அதனால் பதாலஜி ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி உங்களிடம் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

மாடிஃபையர் என்பது சிபிடி எண்ணின் வாலில் ஒட்டும் இரண்டு எழுத்தோ இரண்டு இலக்கமோ. கம்பெனி இன்சூரன்ஸ் போன்ற தனியார் திட்டங்களுக்கு 33 என்று போட்டால் "இது நோய்த்தடுப்புச் சேவையாகத் தொடங்கியது" என்று அர்த்தம். 65 தாண்டியவர்களுக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகேருக்கு அதே வேலையைச் செய்வது பிடி என்ற மாடிஃபையர். 45385-33 என்று போயிருந்தால், ஸ்கிரீனிங்காகப் போன இடத்தில் பாலிப் எடுக்க வேண்டி வந்தது என்று இன்சூரன்ஸுக்குப் புரியும். வெறும் 45385 என்று போனால் புரிய வழியில்லை. சில தனியார் கம்பெனிகள் மாடிஃபையர் இல்லாமலே இசட்12.11-ஐ முதலில் பார்த்துவிட்டு விட்டுக்கொடுக்கும். சிலது இரண்டும் இருந்தால்தான் அசையும். இது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

இதைக் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. டாக்டர் ஆபீஸ் இன்சூரன்ஸுக்கு அனுப்பும் படிவம் சிஎம்எஸ்-1500. அதன் பிரதியை பில்லிங் பிரிவில் கேளுங்கள். கணினி வழியே அனுப்பியிருந்தாலும் அச்செடுத்துக் கொடுக்க முடியும். 21-ஆம் கட்டத்தில் நோய்க்குறிப்பு எண்கள் ஏ, பி, சி என்று வரிசையாக இருக்கும். 24-ஆம் கட்டம் வரிவரியாக இருக்கும்: தேதி, இடம், சிபிடி எண், அதை ஒட்டி மாடிஃபையருக்கு நான்கு சின்ன இடம், அடுத்து இந்தச் சேவை 21-இல் உள்ள எந்த எழுத்தைச் சேர்ந்தது என்று காட்டும் சுட்டு. சரியாகப் போயிருந்தால் 21-இல் ஏ என்ற இடத்தில் இசட்12.11, பி என்ற இடத்தில் கே63.5, 24-இல் 45385, பக்கத்தில் 33, சுட்டு ஏபி. நான் ஆடிட்டில் அதிகம் பார்க்கும் பிழை, இசட்12.11 படிவத்தில் இருக்கும், ஆனால் இரண்டாவது இடத்தில் கிடக்கும். அல்லது சுட்டு பி மட்டும் காட்டும். எண் இருக்கிறதே என்று ஆபீஸில் நம்பிக்கையோடு சொல்வார்கள். வரிசை தவறியதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. 2010-ஆம் ஆண்டின் ஏசிஏ (ஒபாமாகேர்) சட்டப்படி, அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு ஏ அல்லது பி தரம் கொடுத்த சேவைகளுக்குத் தனியார் திட்டங்கள் நோயாளியிடம் பங்கு கேட்கக் கூடாது. அந்தக் குழு 2021 மே மாதம் பெருங்குடல் ஸ்கிரீனிங் வயதை 50-இலிருந்து 45-க்கு இறக்கியது. 2022 மே 31-க்குப் பிறகு தொடங்கும் திட்ட ஆண்டுகளில் இருந்து அது கட்டாயம், ஆகவே 47 வயதில் நீங்கள் அதற்குள் வருகிறீர்கள். ஸ்கிரீனிங்கின்போது பாலிப் எடுப்பது ஸ்கிரீனிங்கின் ஒரு பகுதியே, அதற்குத் தனியாகப் பங்கு கேட்கக் கூடாது என்று 2013 பிப்ரவரியில் மத்திய அரசுத் துறைகள் விளக்கம் கொடுத்தன. 2015-இல் மயக்க மருந்தையும், எடுத்த பாலிப்பின் பதாலஜி பரிசோதனையையும் அதே கணக்கில் சேர்த்தன. முதலில் மலப் பரிசோதனை செய்து பாசிட்டிவ் வந்து, அதன் பிறகு செய்யும் கொலோனோஸ்கோபியும் 2022-இலிருந்து இதற்குள் அடக்கம். விதிவிலக்கு உண்டு: 2010-க்கு முன்பிருந்தே பெரிதாக மாறாமல் தொடரும் பழைய திட்டங்கள், குறுகிய காலத் திட்டங்கள், ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்கு எடுக்கிறோமே அந்த விசிட்டர் இன்சூரன்ஸ். அவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. உங்கள் திட்டம் பழையது என்றால் திட்ட ஆவணத்தில் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். ஹெச்ஆரிடம் கேட்டால் தெரிந்துவிடும்.

மெடிகேரில் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. ஒன்றும் கிடைக்காத ஸ்கிரீனிங்குக்கு ஜி0121 என்ற எண், அதிக ஆபத்து உள்ளவர்களுக்கு ஜி0105. பங்கு எதுவும் இல்லை. பாலிப் எடுத்தால் 45385-பிடி ஆகிவிடும், டிடக்டிபிள் கிடையாது, ஆனால் 2023 முதல் 2026 வரை 15 சதவீதம் கோ-இன்சூரன்ஸ், அதாவது செலவில் நோயாளி கட்டும் சதவீதப் பங்கு, உண்டு. 2027-இல் அது 10 சதவீதமாகும், 2030-இல் முழுதும் போய்விடும். இங்கே 65 தாண்டிய பெற்றோர் இருப்பவர்கள், பிள்ளைக்கு வராத பில் அம்மாவுக்கு மட்டும் ஏன் வந்தது என்று குழம்ப வேண்டாம்.

இனி சந்தேகத்துக்கு உரிய பகுதி. உங்களுக்கு வயிற்று உப்புசம் இருந்திருக்கிறது, அதற்கு மூச்சுச் சோதனை செய்திருக்கிறார்கள். கொலோனோஸ்கோபி ரிப்போர்ட்டின் மேல்பகுதியில் "இண்டிகேஷன்" என்று ஒரு வரி இருக்கும். கோடர் முதலில் பார்ப்பது அதைத்தான், பல நேரம் அதை மட்டும்தான். அங்கே "சராசரி ஆபத்து, பெருங்குடல் புற்றுநோய் ஸ்கிரீனிங்" என்று இருந்தால் உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது. "உப்புசம்" என்று மட்டும் இருந்தால் கோடர் டயக்னாஸ்டிக் என்று போட்டதைக் குறை சொல்ல முடியாது. சார்ட் சொன்னதை அவர் போட்டிருக்கிறார். இரண்டும் சேர்ந்திருந்தால் அங்கேதான் இழுபறி. அப்போது அதற்கு முந்தைய ஆபீஸ் விசிட்டின் நோட்டைப் பார்க்க வேண்டும். அதில் டாக்டர் இரண்டையும் தனித்தனியாக எழுதியிருப்பார் என்று எதிர்பார்க்கிறேன்: உப்புசத்துக்கு மூச்சுச் சோதனை, வயதுக்கு கொலோனோஸ்கோபி. அப்படி இருந்தால் உப்புசத்துக்கான விசாரணை மூச்சுச் சோதனையோடு முடிந்துவிட்டது, கொலோனோஸ்கோபி ஸ்கிரீனிங்தான் என்று வாதாட இடம் இருக்கிறது. ஒரே விசிட்டில் ஒரே டாக்டர் இரண்டையும் எழுதியதால் டெம்பிளேட்டில் உப்புசம் தானாக ஒட்டிக்கொண்டு வருவது சாதாரணமாக நடக்கிறது.

இன்னொரு தடயமும் உண்டு, இதைப் பெரும்பாலானோர் பார்ப்பதில்லை. ஒரு கொலோனோஸ்கோபிக்கு நான்கு கிளைம் வரை போகலாம்: டாக்டர், சென்டர் அல்லது மருத்துவமனை, மயக்க மருந்து கொடுத்தவர், பதாலஜி. உங்கள் 1,380 டாலரில் எது எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். மயக்க மருந்து கிளைமில் 00812 இருக்கிறதா 00811 இருக்கிறதா என்று கவனியுங்கள். 00812 என்பது ஸ்கிரீனிங் கொலோனோஸ்கோபிக்கான மயக்க மருந்து; உள்ளே என்ன கிடைத்தாலும் அந்த எண்ணையே போட வேண்டும் என்று சிபிடியிலேயே குறிப்பு இருக்கிறது. 00811 மற்ற கொலோனோஸ்கோபிகளுக்கு. மயக்க மருந்துக்காரர் 00812 போட்டு, டாக்டர் ஆபீஸ் டயக்னாஸ்டிக் என்று போட்டிருந்தால், அன்று அந்த அறையில் இருந்த இருவர் ஒரே சிகிச்சைக்கு இரண்டு காரணம் சொல்லியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த முரண்பாட்டை எடுத்துக் காட்டினால் பில்லிங் பிரிவு மேலாளர் மறுபடி பார்க்காமல் இருக்க மாட்டார். பதாலஜியில் 88305 என்ற எண் இருக்கும். டாக்டர் கிளைம் திருந்தினாலும் மற்ற மூன்றும் தானாகத் திருந்தாது, ஒவ்வொருவரிடமும் தனியாகச் சொல்ல வேண்டும். மயக்க மருந்துக்காரரோ பதாலஜிஸ்டோ உங்கள் நெட்வொர்க்கில், அதாவது இன்சூரன்ஸோடு ஒப்பந்தம் உள்ளவர்கள் பட்டியலில், இல்லை என்று கூடுதல் தொகை கேட்டால், சென்டர் நெட்வொர்க்கில் இருந்தவரை அப்படிக் கேட்க முடியாது. 2022 ஜனவரி 1 முதல் அதற்குச் சட்டம் இருக்கிறது.

இன்சூரன்ஸ் அனுப்பும் ஈஓபியை (எதற்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்ற விளக்கத் தாளை) பில்லோடு வைத்துப் பாருங்கள். விரிவான ஈஓபியில் ஒவ்வொரு தொகைக்கும் ஒரு காரண எண் இருக்கும். பிஆர் என்று தொடங்கினால் நோயாளி கட்ட வேண்டியது. பிஆர்-1 டிடக்டிபிள், பிஆர்-2 கோ-இன்சூரன்ஸ், பிஆர்-3 கோ-பே (ஒவ்வொரு சேவைக்கும் கட்டும் நிலையான தொகை). சிஓ என்று தொடங்கினால் ஒப்பந்தப்படி டாக்டர் விட்டுக்கொடுக்க வேண்டியது, உங்களிடம் கேட்கக் கூடாது. உங்கள் 1,380-இல் சிஓ தொகை ஏதாவது கலந்திருந்தால் அதற்கு வாதமே தேவையில்லை, எடுக்கச் சொல்லுங்கள்.

போனில் பேசும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். "எனக்கு இலவசமாகும்படி கோடை மாற்றுங்கள்" என்று கேட்காதீர்கள். பணத்துக்காக கோடை மாற்றுவது மோசடி. எந்த ஒழுங்கான ஆபீஸும் அங்கேயே பேச்சை நிறுத்திவிடும், நிறுத்தவும் வேண்டும். "ரிப்போர்ட்டில் இண்டிகேஷன் ஸ்கிரீனிங் என்று இருக்கிறது, கிளைமில் இசட்12.11 முதலில் இல்லை, 33 இல்லை, கோடிங் ரிவ்யூவுக்கு அனுப்புங்கள்" என்று கேளுங்கள். இந்தப் பேச்சை ரிசப்ஷனில் இருப்பவரிடம் பேசிப் பயனில்லை, பில்லிங் மேலாளரிடம் பேசுங்கள். இண்டிகேஷன் வரி உண்மையிலேயே தவறாக இருக்கிறது என்று நீங்கள் நம்பினால், டாக்டருக்கே கிளினிக்கின் ஆன்லைன் போர்ட்டலில் எழுதுங்கள். டாக்டர் தன் நினைவோடும் பழைய நோட்டோடும் ஒப்பிட்டு, தேதி போட்டுத் திருத்தக் குறிப்பு சேர்க்கலாம். கோடர் அதை வைத்துத்தான் கோடை மாற்ற முடியும். ரிவ்யூ முடியும்வரை கணக்கை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள், கலெக்ஷனுக்கு, அதாவது கடன் வசூல் கம்பெனிக்கு, அனுப்பாமல் இருப்பார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் ரிப்போர்ட், விசிட் நோட் இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மருத்துவத் தகவல் பற்றிய ஹிப்பா சட்டப்படி 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். போர்ட்டலில் பார்த்தால் ஏற்கெனவே கிடக்கலாம்.

கோட் தவறு என்று ஆபீஸ் ஒப்புக்கொண்டால் திருத்திய கிளைம் அனுப்புவார்கள். அதில் 22-ஆம் கட்டத்தில் 7 என்று போட்டு, பழைய கிளைமின் எண்ணையும் குறிப்பிட வேண்டும். 7 போடாமல் புதிதாக அனுப்பினால் "டூப்ளிகேட்" என்று திரும்பி வரும், உங்களுக்கு இன்னும் ஒன்றரை மாதம் போகும். இன்சூரன்ஸ் பக்கத்தில்தான் தவறு, அதாவது எல்லாம் சரியாகப் போயும் டிடக்டிபிளில் போட்டுவிட்டார்கள் என்றால் அப்பீல் போடுங்கள். மறுப்பு வந்த நாளிலிருந்து 180 நாள் உண்டு. அதையும் மறுத்தால், இன்சூரன்ஸுக்குத் தொடர்பில்லாத வெளியாளிடம் மறுஆய்வு கேட்க நான்கு மாதம் உண்டு. அப்பீல் கடிதம் ஒரு பக்கம் போதும்: ரிப்போர்ட்டின் இண்டிகேஷன் வரி, கிளைமின் 21-ஆம் கட்டம், 2013 விளக்கம். உணர்ச்சியாக எழுதுவதைவிட இந்த மூன்றும் வேலை செய்யும்.

மூச்சுச் சோதனைக்கு வருகிறேன். 91065 என்பது மூச்சில் வரும் ஹைட்ரஜன் அல்லது மீத்தேனை அளக்கும் சோதனை. லாக்டோஸ் செரிக்கிறதா, ஃபிரக்டோஸ் ஒத்துக்கொள்கிறதா, சிறுகுடலில் பாக்டீரியா பெருகியிருக்கிறதா என்று பார்க்க. ஏதாவது ஒரு சர்க்கரைக் கரைசலைக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மூன்று மணி நேரம் விட்டு விட்டு ஊதச் சொல்வார்கள். எத்தனை முறை ஊதினாலும் ஒரு கரைசலுக்கு ஒரு 91065. இரண்டு கரைசல் என்றால் இரண்டு 91065. கொடுத்த ஒவ்வொரு கரைசலுக்கும் ஒரு முறை என்பதே சிபிடியின் கணக்கு. நீங்கள் லாக்டோஸுக்கு ஒரு நாள், லாக்டுலோஸுக்கு இன்னொரு நாள் போயிருந்தால் பில் சரி. ஆனால் தேதியைப் பாருங்கள். முதல் கரைசலின் வாயு வயிற்றில் இருக்கும்போது இரண்டாவதைக் கொடுத்தால் அளவு குழம்பும் என்பதால், இரண்டு சோதனையை வெவ்வேறு நாளில்தான் செய்வார்கள். இரண்டு வரியிலும் ஒரே தேதி இருந்து, நீங்கள் ஒரு நாள்தான் போனீர்கள் என்றால் விளக்கம் கேளுங்கள். மற்றபடி இந்தச் சோதனை உப்புசம் என்ற அறிகுறிக்காகச் செய்தது, எண் ஆர்14.0. இது டயக்னாஸ்டிக்தான், டிடக்டிபிள் பொருந்தும். இதற்காக வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

செரிமானச் சோதனைகளில் இரண்டு எண் வந்தால் எல்லாம் ஏமாற்று இல்லை என்பதற்கு இன்னும் சில. ஹெச். பைலோரி என்ற வயிற்றுக் கிருமிக்கான யூரியா மூச்சுச் சோதனையில் மருந்தைக் கொடுப்பதற்கு 83014, மாதிரியை ஆராய்வதற்கு 83013, இரண்டும் வரும். உணவுக்குழாய் அழுத்தம் அளக்கும் 91010 மருத்துவமனையில் செய்தால் ஒரே எண் இரண்டு பில்லில் வரலாம். டாக்டர் பில்லில் 26 என்ற மாடிஃபையர் இருக்கும், அவர் படித்துச் சொன்னதற்கு மட்டும் கட்டணம், கருவிக்கும் ஆளுக்கும் ஆகும் செலவு மருத்துவமனையின் பில்லில். ஒரே சென்டரில் எல்லாம் நடந்திருந்தால் 26 இல்லாமல் ஒரு முறைதான் வர வேண்டும். அமிலம் அளக்க மூக்கு வழியாகக் குழாய் விட்டால் 91034, குழாய் இல்லாமல் உணவுக்குழாயில் சின்ன கேப்ஸ்யூலை ஒட்டிவிட்டு அளந்தால் 91035. விழுங்கும் கேமரா கேப்ஸ்யூல் 91110. அது சிறுகுடலின் கடைசிப் பகுதிவரை போய்ப் படம் எடுத்திருக்க வேண்டும். நடுவில் நின்றுவிட்டால் 52 என்ற மாடிஃபையர் போட்டு, முழு வேலையும் நடக்கவில்லை என்று காட்ட வேண்டும். இவை எதற்கும் ஸ்கிரீனிங் விலக்கு கிடையாது, எல்லாமே அறிகுறிக்காகச் செய்பவை.

இதில் என்னை வருத்துவது பணம் மட்டும் இல்லை. இப்படி ஒரு பில் வந்தால் பலர் அடுத்த கொலோனோஸ்கோபிக்குப் போவதைத் தள்ளிப் போடுகிறார்கள். பாலிப் எடுத்தவருக்குத்தான் அடுத்தது மிக முக்கியம். அடுத்த முறை உங்கள் நிலைமையும் கொஞ்சம் மாறியிருக்கும். பாலிப் இருந்தவர் என்ற வரலாறு இசட்86.01 வரிசையில் வரும், அது கண்காணிப்பு கொலோனோஸ்கோபி. கோடிங் வழக்கில் கண்காணிப்பும் ஸ்கிரீனிங்கின் ஒரு வகைதான், இசட்12.11 போட்டு அதன் பிறகு வரலாற்று எண்ணைப் போடலாம். ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனிகள் இதில் ஒன்றாக நடப்பதில்லை. சிலது முழுதாகக் கொடுக்கும், சிலது பத்து வருடத்துக்கு ஒரு முறை என்ற கணக்குக்கு வெளியே என்று டிடக்டிபிளில் போடும். சட்ட விளக்கங்கள் சராசரி ஆபத்து உள்ளவர்களைப் பற்றித் தெளிவாகப் பேசும் அளவுக்கு இதைப் பற்றிப் பேசவில்லை. ஆகவே தேதி வாங்கும் முன்பே இன்சூரன்ஸைக் கூப்பிட்டு, இசட்12.11 முதலிலும் இசட்86.01 வரிசை எண் இரண்டாவதாகவும் வைத்து 45378 போனால் என் பங்கு எவ்வளவு, அதுவே 45385 ஆனால் எவ்வளவு என்று இரண்டையும் கேளுங்கள். பதில் சொன்னவரின் பெயர், தேதி, அழைப்பு எண் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அதே கேள்வியைப் போர்ட்டலில் எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். அப்பீல் போட வேண்டி வந்தால் எழுத்தில் இருப்பதே கை கொடுக்கும்.

இப்போதைக்கு முதல் வேலை, போர்ட்டலைத் திறந்து அந்த இண்டிகேஷன் வரியைப் படிப்பது. அதில் என்ன இருக்கிறது என்று பெயர், பிறந்த தேதி எதுவும் இல்லாமல் இங்கே எழுதினால், ஆபீஸுக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை எப்படி எழுதலாம் என்று சொல்கிறேன்.